சனிக்கிழமை மத்தியானத் தலைவர்கள்

கணக்குப்பதிவியல் நடத்தினால் பிள்ளைகள் "எனக்குக் கணக்கே வராது மேடம்" என்று தங்களைத்தான் நொந்துகொள்வார்கள். ஆளுமை வளர்ச்சி வகுப்பு நடத்திப் பாருங்கள், "இது முதல்ல மேடத்துக்கு வரட்டும்" என்று நம்மைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

படிக்கிற உங்களில் யாராவது கல்லூரியில் தற்காலிக வாத்தியாராக இருந்து, வேறு யாரும் சீண்டாத ஒரு வகுப்பு உங்கள் தலையில் கட்டப்பட்டிருக்குமானால், வாருங்கள், இப்படி உட்காருங்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். சிரிக்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் இரக்கத்தோடு சிரித்தால் போதும்.

எனக்குச் சொந்த ஊர் சேலம். கல்யாணம் கட்டிக்கொண்டு பெங்களூர் வந்தவள். வீடு லிங்கராஜபுரத்தில், வேலை மல்லேஸ்வரத்தில் ஒரு தனியார் கல்லூரியில். பாடம் நடத்த இங்கிலீஷ், ஸ்டாஃப் ரூமில் அரட்டைக்கு இங்கிலீஷும் தமிழும், பால்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் மட்டும் செல்லுபடியாகிற ஒரு கன்னடம், இவ்வளவுதான் என் மொழிச் சொத்து. கோபம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் ஓடிப்போய்ச் சேலத்துத் தமிழ் ஒன்றுதான் நிற்கும். கோபமும் எனக்கு அடிக்கடி வரும்.

ஹால் யாருக்கு?

இரண்டாயிரம் பிறந்த புதிது. ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் கம்ப்யூட்டர் கோர்ஸ் விளம்பரம். எங்கள் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனிக்காரர்கள், "உங்க பசங்ககிட்ட மார்க் இருக்கு, நாலு பேர் முன்னாடி நிக்கத்தான் தெரியலை" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். உடனே சனிக்கிழமை மத்தியானம் தலைமைப் பண்பு வகுப்பு என்று முடிவாகிவிட்டது. நிரந்தர வாத்தியார்களைக் கேட்டார்கள். ஒருவருக்கு பி.பி., ஒருவருக்குச் சனிக்கிழமை விரதம், ஒருவர் காரணமே சொல்லாமல் முடியாது என்றார். அதுதான் நிஜமான தலைமைப் பண்பு என்று இப்போது தோன்றுகிறது. என்னால் முடியாது என்று சொல்ல முடியுமா? நான் தற்காலிகம். வருஷா வருஷம் ஆர்டர் வந்தால்தான் உண்டு.

பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார். அசல் கன்னடக்காரர், கண்டோன்மெண்டில் வளர்ந்ததால் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சத்தம் போடாத மனிதர். விஷயத்தை நேராகச் சொன்னார். வருஷக் கடைசியில் நிர்வாகக் கமிட்டியிலிருந்து ஒரு மெம்பர் வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் வகுப்பு தொடரும், எனக்கும் அடுத்த வருஷம் ஆர்டர் வரும். பிடிக்காவிட்டால் வகுப்பு நடக்கப்போகிற மாடி ஹாலை கம்ப்யூட்டர் சாருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "அப்போ என் கதி என்ன சார்?" என்று கேட்டேன். வேலை போய்விடுமே என்ற பயத்தில் என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நீங்களும் கம்ப்யூட்டர் கத்துக்கோங்க மேடம். அதுவும் சனிக்கிழமைதான், உங்களுக்கு டைம் டேபிள்கூட மாத்த வேண்டாம்."

சாய்ந்தான் அந்தோணி

தலைமைப் பண்பை எப்படிச் சொல்லித் தருவது என்று எனக்கு மட்டும் என்ன தெரியும்? லைப்ரரியில் ஒரு தடிப் புத்தகம் கிடைத்தது. முதல் பயிற்சியே நம்பிக்கைப் பயிற்சி. ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு அப்படியே பின்பக்கம் சாய வேண்டும், பின்னால் நிற்கிற குழு தாங்கிப் பிடிக்க வேண்டும். நல்லதாகப் போயிற்று என்று ஹாலில் ஜமக்காளம் விரித்தேன். சாய்வதற்கு அந்தோணி முன்வந்தான். எங்கள் லிங்கராஜபுரத்துப் பையன், கடைசி பெஞ்ச், தமிழ் கன்னடம் உருது எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுகிறவன். "பிடிக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்குள்ள ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கோங்க" என்று குழுவிடம் சொன்னேன். அங்கேதான் சனி பிடித்தது.

ரேவதிதான் தலைவர் என்றாள் ரேவதி. மல்லேஸ்வரத்துப் பெண், பேச்சுப் போட்டிக் கோப்பைகளை வைக்க வீட்டில் தனி அலமாரி இருக்கிறதாம். அவள் ஒட்டுமொத்தத் தலைவர் என்றால் இடது பக்கத்துக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டாமா? வேண்டும். அப்படியானால் வலது பக்கத்துக்கு? ஒன்று இரண்டு மூன்று சொல்ல ஒருவன், கைதட்டி உற்சாகப்படுத்த ஒருத்தி, நடப்பதைக் கவனித்துக் குறிப்பெடுக்க ஒருவன். எல்லாரும் அவரவர் பொறுப்பில் ஒழுங்காகத்தான் நின்றார்கள். மூன்று என்றதும் அந்தோணி சாய்ந்தான். தொம் என்று ஒரு சத்தம். "ஐயோ, பிள்ளை போச்சே!" என்று நான் அலறிய அலறல் கீழே ஆபீஸ் வரை கேட்டதாம். நல்ல வேளை, ஜமக்காளம் காப்பாற்றியது. படுத்தபடியே கண் கட்டை அவிழ்த்து, சுற்றி நின்ற முகங்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவன் சொன்னான்: "தலைவருங்க எல்லாம் ஷோக்காதான் இருக்காங்க மேடம். பிடிக்கத்தான் ஆளு இல்ல."

எல்லாருக்கும் ஒரே பலவீனம்

நேர்முகத் தேர்வில் "உன் பலம் என்ன, பலவீனம் என்ன" என்று கேட்பார்களே, அதற்கு ஒரு நாள் பயிற்சி வைத்தேன். முதல் பையன் எழுந்து, "எதையும் கச்சிதமா முடிக்காம எனக்குத் தூக்கம் வராது, அதுதான் என் பலவீனம்" என்றான். அடடா என்று பாராட்டினேன். இரண்டாவது பெண்ணுக்கும் அதே பலவீனம். மூன்றாவதுக்கும் அதே. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் பக்கம் யாரோ ஒரு கைடு வாங்கி, வகுப்பு முழுக்க ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டுக்கொண்டு வந்த ஒருவன், தனக்குக் கச்சிதம்தான் பெரிய பலவீனம் என்று கண் இமைக்காமல் சொன்னபோது எனக்கு வந்த சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் மஞ்சுளா மூச்சு வாங்க உள்ளே வந்தாள். ஓசூர் ரோட்டில், ஆனேக்கல் பக்கம் சந்தாபுராவிலிருந்து வருகிற பெண். வீட்டில் கன்னடம், அக்கம்பக்கம் முழுக்கத் தமிழ் ஆட்கள் என்பதால் தமிழும் சரளமாக வரும். தினமும் மார்க்கெட்டில் இறங்கி வேறு பஸ் பிடித்து மல்லேஸ்வரம் வர வேண்டும், அதனால் எல்லா வகுப்புக்கும் லேட். அதிகம் பேசவும் மாட்டாள். உட்காரக்கூட விடாமல், "உன் பலம் என்ன, பலவீனம் என்ன, சொல்லு" என்றேன். "சந்தாபுரா பஸ் மேடம். ரெண்டுக்கும் அதேதான்" என்றாள். வகுப்பு சிரித்தது. பலவீனம் புரிகிறது, பஸ் எப்படியம்மா பலமாகும் என்று கேட்டேன். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்தக் கூட்டத்துல நின்னுட்டே வந்து பழகிட்டா, அப்புறம் யார் முன்னாடி வேணும்னாலும் நிக்கலாம் மேடம்."

கோபத்தை அடக்குவது எப்படி

இந்தத் தலைப்பை எனக்குக் கொடுத்ததே அநியாயம். ஆனாலும் கரும்பலகையில் அழகாக எழுதினேன்: மூச்சை இழுத்து விடு, ஒரு வாய் தண்ணீர் குடி, குரலைத் தாழ்த்து. இரண்டாவதை விளக்கிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையில் சரசரவென்று சத்தம். பார்த்தால், இரண்டு பையன்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறார்கள். வாசலில் கம்ப்யூட்டர் சார், கையில் காபி டம்ளரோடு. "எப்படியும் அடுத்த வருஷம் ஹால் நமக்குத்தானே மேடம், இப்பவே ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் போனா கடைசியில வேலை மிச்சம்" என்றார் சாவகாசமாக.

அவ்வளவுதான். மூச்சுமில்லை, தண்ணீருமில்லை. "ஏனுங்க சார், நாற்காலியோட நிறுத்திக்கிறீங்களா, இல்ல என்னையும் அலாக்காத் தூக்கிட்டுப் போய் உங்க ரூம் மூலையில வெக்கிறீங்களா? வருஷம் முடியலை, மெம்பர் வரலை, அதுக்குள்ள எனக்குக் கருமாதி பண்ண வந்துட்டீங்களா?" என்று ஆரம்பித்து, எங்கே முடித்தேன் என்று எனக்கே தெரியாது. தமிழ் தெரியாத பிள்ளைகளுக்கும் முழுசாகப் புரிந்திருக்கும். நாற்காலிகள் போன வேகத்தில் திரும்பி வந்தன. எனக்கு ஒரு பக்கம் வெற்றி, ஒரு பக்கம் வெட்கம். ரேவதி பேனாவோடு கையைத் தூக்கினாள்: "மேடம், இது தப்பான முறைக்கு டெமோதானே? நோட்ஸ்ல எழுதிக்கலாமா?"

நடுவில் நிறுத்தினால்

மெம்பர் வருகிற சனிக்கிழமை குறித்தாகிவிட்டது. அன்றைக்கு வகுப்பை நான் நடத்தக் கூடாது, பிள்ளைகளே நடத்த வேண்டும் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். என் பிழைப்பே அவர்கள் கையில் இருக்கிறது என்பதை நானாகச் சொல்லவில்லை; கம்ப்யூட்டர் சார் புண்ணியத்தில் வகுப்புக்கே தெரிந்திருந்தது. ரேவதிதான் பேசுவது என்று ஒருமனதாக முடிவானது. தலைமைப் பண்பு என்றால் என்ன என்று பாயின்ட் பாயின்ட்டாக எழுதி, ஒரு வாரத்தில் மனப்பாடம் பண்ணிவிட்டாள். ஒத்திகையில் நான் மெம்பர் மாதிரி முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். மடை திறந்த வெள்ளம்! எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம். மெம்பர் ஏதாவது கேட்பாரே என்று, நடுவில் கையைத் தூக்கி, "ஒரு உதாரணம் சொல்லும்மா" என்றேன்.

ரேவதி நின்றாள். மேலே பார்த்தாள். பிறகு "மாண்புமிகு" என்று வணக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். திரும்பவும் நிறுத்திப் பார்த்தேன், திரும்பவும் "மாண்புமிகு". கடைசியில் அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "கேள்வி எதுவும் கேக்க வேண்டாம்னு அவர்கிட்டயே முன்கூட்டி சொல்லிடலாமா மேடம்?" என்றாள் பரிதாபமாக. அவளுக்குத் தைரியம் சொன்னேன், எனக்குச் சொல்லத்தான் ஆளில்லை. அவள் போன பிறகு, பெஞ்சுகளை நேராக்கிக்கொண்டிருந்த அந்தோணி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "நக்கோ மேடம், நிறுத்தாதீங்க. ரேவதி நான்-ஸ்டாப் வண்டி. நடுவுல கை காட்டினா மறுபடி மெஜஸ்டிக்லேர்ந்துதான் கெளம்பும்."

வராத மெம்பர்

அந்தச் சனிக்கிழமை காலையில் ஹால் வாசலில் ரங்கோலி, மேஜைமேல் பூங்கொத்து, இருப்பதிலேயே நல்ல மைசூர் சில்க் புடவையில் நான். மஞ்சுளாகூட முதல் பஸ் பிடித்து எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டாள். பன்னிரண்டு மணி வாக்கில் ஆபீஸுக்குப் போன் வந்தது. காவிரித் தண்ணீர் விவகாரத்தில் திடீர் பந்த். பஸ்களை டிப்போவுக்குத் திருப்புகிறார்கள், கடைகளை இழுத்து மூடுகிறார்கள். அடுத்த போன் மெம்பரிடமிருந்து: வர முடியாது. வகுப்பு போச்சு, வேலையும் போச்சு. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால், வீடு எப்படிப் போவது என்று தெரியாமல் பிள்ளைகள் முற்றம் முழுக்க நிற்கிறார்கள். பெங்களூரில் இருக்கிற தமிழ்க் குடும்பம் எதையும் கேட்டுப் பாருங்கள், இந்த மாதிரி நாளில் பிள்ளை வெளியே இருந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. ஓடி இறங்கி, படிக்கட்டில் நின்று, "எல்லாரும் முதல்ல நிதானமா இருக்கணும், நிதானம்தான் தலைமைக்கு..." என்று ஆரம்பித்தேன். ஒரு ஜீவன் கேட்கவில்லை.

எனக்கு இரண்டு படி கீழே மஞ்சுளா ஏறி நின்றாள். கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை, இவ்வளவுதான் சொன்னாள்: "ஃப்ரெண்ட்ஸ் கூட நிக்காதீங்க, வீடு இருக்கிற திசைப்படி நில்லுங்க. யஷ்வந்தபுரம் மரத்தடி, ராஜாஜிநகர் சைக்கிள் ஸ்டாண்ட், கண்டோன்மெண்ட் கேட்டுகிட்ட." தினம் பஸ்ஸில் முட்டி மோதுகிற பிள்ளைகள்தானே, சட்டென்று பிரிந்து நின்றுவிட்டார்கள். எல்லார் மனசிலும் இருந்து யாரும் சொல்லாததை அந்தோணி சொன்னான்: "வீட்ல தமிழ் பேசுறவங்க நடுவுல வாங்கப்பா. கன்னடக்காரங்க முன்னாடி ரெண்டு பேர், பின்னாடி ரெண்டு பேர். ஒண்ணும் ஆவாது, ஆனாலும் எதுக்கு வம்பு." ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கன்னடப் பிள்ளைகள் அவர்களாகவே முன்னால் வந்து நின்றார்கள். ரேவதி எந்த பாயின்ட்டும் இல்லாமல், "எங்க வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். போக முடியாதவங்க எல்லாரும் அங்க வாங்க" என்றாள். பிறகு ஆபீஸ் போனில் உட்கார்ந்து வீடு வீடாக, போன் இல்லாத வீடுகளுக்குப் பக்கத்துக் கடை, டெலிபோன் பூத் என்று பிடித்து, இன்னார் இன்னாரோடு வருகிறார் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். யார் குறுக்கே பேசினாலும் பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

பிரின்சிபால் ஒவ்வொரு குழுவுக்கும் தன் கையாலேயே கேட்டைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். எங்கள் கண்டோன்மெண்ட் பக்கக் குழுவில்தான் முன்னால் நடக்கக் கன்னடக்காரர் இல்லை. சந்தாபுராவுக்கு இன்றைக்கு எப்படியும் போக முடியாது, நானே வருகிறேன் என்றாள் மஞ்சுளா. சரி, ஆசிரியை என்று நான் ஒருத்தி இருக்கிறேனே, வழிநடத்துவது என் கடமை என்று கைப்பையை மாட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். மஞ்சுளா என் கையைப் பிடித்துப் பின்னால் கூட்டி வந்தாள்: "மேடம், நீங்க நடுவுல. கோவிச்சுக்காதீங்க, வீடு போய்ச் சேர்ற வரைக்கும் வாயைத் தொறக்கவே கூடாது."

பேச்சு வராத அத்தை

மல்லேஸ்வரத்திலிருந்து குட்டஹள்ளி, ஜெயமகால், பிரேசர் டவுன் என்று லிங்கராஜபுரம் வரை நடை. கடைகள் எல்லாம் ஷட்டர் இறக்கியிருந்தன. வழக்கமாக ரோட்டைத் தாண்டவே பயப்படுகிற இடத்தில் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்குச் சொல்ல ஆயிரம் விஷயம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். குட்டஹள்ளி தாண்டியதும் என் செருப்பு வார் அறுந்தது. சேலத்துக்காரிக்குச் செருப்பு அறுந்தால் செய்தவனையும் விற்றவனையும் நாலு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியுமா? அதையும் முழுங்கினேன். அந்தோணி தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தான்.

ஜெயமகால் திருப்பத்தில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு தள்ளுவண்டியைப் போட்டு ஆட்கள் நின்றிருந்தார்கள். எங்கிருந்து, எங்கே என்று கேட்டார்கள். மஞ்சுளா நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னாள். அவர்களில் வயதான ஒருவர் நேராக என்னிடம் வந்து, நீங்கள் எந்த ஊர் அம்மா என்று கன்னடத்தில் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் உயிரே இல்லை. சும்மா இருக்கத் தெரியாத என் வாய் தானாகத் திறந்துவிட்டது. அதற்குள் அந்தோணி என் தோளில் கை போட்டு, "எங்க அத்தை சார். பொறந்ததிலேர்ந்தே பேச்சு வராது" என்று சுத்தமான கன்னடத்தில் ஒரு போடு போட்டான். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். அந்தப் பெரியவரின் முகம் வாடிப்போயிற்று. "அய்யோ பாப" என்று பரிதாபப்பட்டார். எதிர்வீட்டிலிருந்து சொம்பில் தண்ணீர் வாங்கி வந்து தன் கையாலேயே எனக்குக் கொடுத்தார். என் வெறுங்கால் மருமகனைப் பார்த்து, அத்தையை நல்ல டாக்டரிடம் காட்டு, விட்டுவிடாதே என்றார். அடுத்த தெரு முனை வரை துணைக்கு ஒரு ஆளையும் அனுப்பினார். கைகூப்பினேன். பயத்தில் வந்த அழுகையா, அந்த மனிதரின் நல்ல மனசுக்கு வந்த அழுகையா, தெரியவில்லை, கண்ணீர் நிஜம். அவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்ல முடியவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு.

மற்றவர்கள் அவரவர் தெருவில் பிரிந்தார்கள். அந்தோணி என்னை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டு, "அத்தே, வர்ட்டா" என்று சிரித்துக்கொண்டே தன் வீட்டுக்குப் போனான். மஞ்சுளா எங்கள் வீட்டில் தங்குவதாக ரேவதி ஏற்கெனவே சந்தாபுராவுக்குச் சொல்லியிருந்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேனோ இல்லையோ, அணை உடைந்தது. செருப்பு, கிரிக்கெட், தள்ளுவண்டி, பெரியவர், சொம்புத் தண்ணீர், வராத மெம்பர், போகப்போகிற வேலை என்று அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பேசிக்கொண்டே உப்புமா கிளறினேன், பேசிக்கொண்டே பரிமாறினேன், அவள் சாப்பிட்டு முடித்த பிறகும் பேசினேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அந்தப் பெண் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "மேடம், உங்க வீடு இன்னும் கொஞ்சம் தூரமா இருந்திருக்கலாம்."

ஹால் காலி

கல்லூரி மறுபடி திறந்த அன்றைக்கு என் சாமான்களை எடுத்து வைக்க ஒரு பையோடுதான் போனேன். ஹாலைத் தாண்டும்போது உள்ளே கம்ப்யூட்டர் சார் இஞ்ச் டேப்பால் சுவரை அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டேப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார், பாவம், அவரும் நல்லவர்தான். பிரின்சிபால் உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே கெட்ட செய்தி என்று எனக்குள் ஒரு கணக்கு உண்டு.

"மெம்பர் போன் பண்ணினார். அன்னைக்கு வகுப்பு எப்படி நடந்துச்சுன்னு கேட்டார்" என்றார். வகுப்புதான் நடக்கவே இல்லையே சார் என்றேன். "அதையேதான் சொன்னேன். ஹால் காலி, ஆனா அத்தனை பிள்ளைகளும் பத்திரமா வீடு போய்ச் சேர்ந்துட்டாங்கன்னேன். யாரு கூட்டிட்டுப் போனாங்கன்னார். பசங்களே பசங்களைக் கூட்டிட்டுப் போனாங்க, டீச்சரையும் சேர்த்துத்தான்னேன்." போயும் போயும் இதையா சொல்ல வேண்டும் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. டீச்சரைப் பிள்ளைகள் கைபிடித்துக் கூட்டிப் போனால் அந்த டீச்சருக்கு எதற்கு ஆர்டர்? "அப்போ டீச்சர் என்னதான் பண்ணினாங்கன்னு கேட்டிருப்பாரே சார்" என்றேன். பிரின்சிபால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. "கேட்டார். மஞ்சுளா என்கிட்ட சொன்னதை அப்படியே சொன்னேன், வழி பூரா டீச்சர் ஒரு வார்த்தை பேசலைன்னு. ஆண்டு விழாவுல நீங்க விடாம பேசினதைக் கேட்டவராச்சே, ரொம்ப நேரம் அவரால நம்ப முடியலை. அப்புறம் சொன்னார், அந்தம்மாவையே அடக்கி நடத்திட்டுப் போற பிள்ளைங்கன்னா வகுப்பு நல்லாத்தான் நடந்திருக்கு, ஆர்டரைப் போட்டுடுங்கன்னு."

இத்தனை வருஷம் நான் பேசியதற்கெல்லாம் மாதாமாதம் சம்பளம் கொடுத்தார்கள், உண்மைதான்; ஆனால் அந்த உத்தியோகத்தை எனக்கு நிலைக்க வைத்தது என்னவோ, மல்லேஸ்வரத்திலிருந்து லிங்கராஜபுரம் வரை வாயை மூடிக்கொண்டு நடந்த அந்த ஒரு மத்தியானம்தான்.